ராகு காலம் முதல் எட்டாம் எண் வரை: காலண்டரில் இருக்கும் கெட்ட நேரங்களின் கணக்கு

கேட்கப்பட்டது இதுதான்: தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம், குளிகை, அஷ்டமி, நவமி, கரிநாள், சந்திராஷ்டமம் என்று இத்தனை போட்டிருக்கிறார்களே, இவை எங்கிருந்து வருகின்றன, எதைப் பார்க்க வேண்டும், எதை விடலாம்? எட்டாம் எண்ணும் பதின்மூன்றும் நிஜமாகவே ஆகாதவையா?

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்த்தவருக்குப் பயம் பெரும்பாலும் போய்விடும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ராகு காலம். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கிழமை. காலை 7.30க்குத் திங்களில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை என்று முடியும். காலண்டரில் அச்சாகும் நேரங்கள் இவையே.

ஆனால் விதி அப்படிச் சொல்லவில்லை. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகல்பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு பங்கு ராகுவுக்கு என்பதுதான் விதி. எத்தனையாவது பங்கு என்பது கிழமையைப் பொறுத்தது: ஞாயிறு 8, திங்கள் 2, செவ்வாய் 7, புதன் 5, வியாழன் 6, வெள்ளி 4, சனி 3. உதயம் சரியாகக் காலை 6 மணி, அஸ்தமனம் சரியாக மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டால்தான் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அச்சடித்த காலண்டர் ஆண்டு முழுக்க, எல்லா ஊருக்கும், அப்படியே வைத்துக்கொள்கிறது.

நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரின் அன்றைய உதய நேரத்தையும் அஸ்தமன நேரத்தையும் எடுத்து, இடைப்பட்ட நிமிடங்களை எட்டால் வகுக்க வேண்டும். கிழமைக்குரிய பங்கு எண்ணில் ஒன்றைக் கழித்து, அதை ஒரு பங்கின் நிமிடங்களால் பெருக்கி, உதய நேரத்தோடு கூட்டினால் ராகு காலம் தொடங்கும் நேரம் வந்துவிடும். சென்னையில் ஜூன் 21 வாக்கில் உதயம் சுமார் 5.43, அஸ்தமனம் 6.37. பகல் 774 நிமிடம், ஒரு பங்கு கிட்டத்தட்ட 97 நிமிடம். அன்று ஞாயிறாக இருந்தால் எட்டாம் பங்கு மாலை 5.00 முதல் 6.37 வரை. காலண்டரோ 4.30 முதல் 6 வரை என்கிறது. 4.30க்கு நல்ல காரியத்தை நிறுத்தி வைத்தவர் விதிப்படி சுத்தமான அரை மணி நேரத்தை வீணாக்கியிருக்கிறார். ஆறு அடித்ததும் "முடிந்துவிட்டது" என்று கிளம்பியவர் அந்த விதிப்படியே ராகு காலத்துக்குள் கிளம்பியிருக்கிறார்.

டிசம்பர் 21 வாக்கில் உதயம் 6.26, அஸ்தமனம் 5.47, பகல் 681 நிமிடமாகச் சுருங்கி ஒரு பங்கு 85 நிமிடம் ஆகிவிடும். அன்று சனிக்கிழமையானால் ராகு காலம் 9.16 முதல் 10.41 வரை, காலண்டரில் 9 முதல் 10.30 வரை. கோயம்புத்தூர் சென்னைக்கு மேற்கே இருப்பதால் இவை எல்லாம் இன்னும் பதின்மூன்று நிமிடம் போலத் தள்ளிப் போகும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் பெரிது. லண்டனில் ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் இது சுமார் 10.57 முதல் பகல் 1.02 வரை, இரண்டு மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் 10.59 முதல் 11.58 வரை, ஒரு மணி நேரம்கூட இல்லை. அங்கே இருந்துகொண்டு 10.30 முதல் 12 வரை என்று பார்ப்பவர் எந்த விதியையும் பின்பற்றவில்லை. கைபேசிச் செயலிகள் சரியாகக் கணக்கிடும், ஆனால் ஊரைச் சரியாகக் கொடுத்திருந்தால் மட்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நம் வீடுகளில் தலைமுறைகளாக "ராகு காலம் பார்த்து" செய்த காரியங்களில் கணிசமானவை, அந்தக் கணக்குப்படி பார்த்தால், ராகு காலத்தின் விளிம்பிலோ உள்ளேயோ நடந்தவை. யாருக்கும் அது தெரியவும் இல்லை, அதனால் எதுவும் ஆகவும் இல்லை.

எமகண்டமும் குளிகையும் இதே எட்டுப் பங்கில் வருபவை. இவற்றின் விதி ராகு காலத்தைவிட ஒழுங்கானது. முதல் பங்கை அன்றைய கிழமைக்குரிய கிரகத்துக்குக் கொடுத்து, அடுத்தடுத்த பங்குகளைக் கிழமை வரிசையிலேயே கொடுத்துக்கொண்டு போங்கள். ஏழு கிரகம் முடிந்ததும் எட்டாம் பங்குக்கு ஆள் இல்லை. சனியின் பங்கு எதுவோ அதுவே குளிகை. வியாழனின் பங்கு எதுவோ அதுவே எமகண்டம். ஞாயிற்றுக்கிழமை சூரியனிலிருந்து எண்ணினால் ஐந்தாவது வியாழன், அதனால் எமகண்டம் 12 முதல் 1.30, ஏழாவது சனி, அதனால் குளிகை 3 முதல் 4.30. சனிக்கிழமை சனியே முதல் என்பதால் குளிகை காலை 6 மணிக்கே வந்துவிடும். வியாழக்கிழமை எமகண்டம் காலை 6 முதல் 7.30 வரை இருப்பதும் இதனால்தான். அட்டவணையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. சோதிடத்தில் முழுச் சுபர், அதாவது நன்மையே தருபவர், என்று கொண்டாடப்படும் குருவின் (வியாழனின்) பங்கையே எமனின் பெயரால் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

குளிகையைப் பலர் ராகு காலத்தோடு சேர்த்து ஒதுக்குகிறார்கள். மரபில் அதற்குச் சொல்லப்பட்டது வேறு: அந்த நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது. அதனால் பிணத்தை எடுப்பது, கடன் வாங்குவது கூடாது. நகை வாங்கலாம், கடனை அடைக்கலாம். அதேபோல ராகு காலமும் எல்லாவற்றுக்கும் தள்ளுபடியான நேரம் கிடையாது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் ராகு காலத்தில்தான் துர்க்கை சந்நிதியில் எலுமிச்சை விளக்கு எரிகிறது.

அடுத்தது திதி. சூரியனிலிருந்து சந்திரன் விலகிப் போகும் ஒவ்வொரு 12 பாகையும் ஒரு திதி. முப்பது திதிகள் சேர்ந்து சுமார் இருபத்தொன்பதரை நாள். சந்திரனின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்திலேயே முடியும், சில சமயம் 26 மணி நேரத்தைத் தாண்டும். எட்டாவது அஷ்டமி, ஒன்பதாவது நவமி. வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வருவதால் மாதத்துக்கு நான்கு. அமாவாசை, பௌர்ணமிக்கு மறுநாளான பிரதமையையும் பல வீடுகளில் ஒதுக்குவார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, "இன்று அஷ்டமி" என்று முழு நாளையும் ஒதுக்கிவிடுவது. காலண்டரில் "பிற்பகல் இத்தனை மணி வரை, பின்பு நவமி" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் அஷ்டமிக்கு ஒரு நாள், நவமிக்கு ஒரு நாள், பத்து மணிக்கே தசமி வந்துவிட்ட மூன்றாம் நாளும் சேர்த்து என்று மூன்று நாள் போய்விடும். அந்த நேரமும் எல்லாக் காலண்டரிலும் ஒன்றாக இருக்காது. தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு இருக்கின்றன. வாக்கியம் என்பது வரருசி என்ற பழைய கணிதரின் பெயரால் வழங்கும், சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களை வைத்துப் போடுவது. பாம்புப் பஞ்சாங்கம் அந்த வகை. திருக்கணிதம் வானில் கோள்கள் இன்று உள்ள நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு. இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் 1952ல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசு 1957 முதல் வெளியிடும் ராஷ்ட்ரீய பஞ்சாங்கமும் இந்த வழியில் வருவதே. இரண்டுக்கும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம் வரை வித்தியாசம் வரும். கிரகப் பெயர்ச்சி என்றால் மாதக்கணக்கில் வரும். சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் ஏழரைச் சனி முடிந்தவரும் பக்கத்து வீட்டில் அதே ராசியில் ஏழரை முடியாதவரும் இருந்தார்கள். வானத்தில் இருக்கிற சனி ஒன்றுதான்.

அஷ்டமி, நவமி மேல் உள்ள பயத்துக்கு நம் பண்டிகைகளே எதிர்ச்சாட்சி. கண்ணன் பிறந்தது அஷ்டமி, ராமன் பிறந்தது நவமி. ஆயுத பூஜை நவமியில் வருகிறது. தொழில் செய்பவர் தன் கருவியைப் பூஜிக்கும் நாள் அது. அமாவாசையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் "நிறைந்த அமாவாசை" என்று கடை திறப்பார்கள், வண்டி எடுப்பார்கள். வட மாநிலங்களில் பல இடங்களில் அதே நாளில் புதிய காரியத்தைத் தொட மாட்டார்கள். செவ்வாயும் அப்படித்தான்: இங்கே "செவ்வாயோ வெறுவாயோ" என்று தள்ளுகிறோம், அங்கே அதே கிழமைக்கு மங்களவாரம் என்றே பெயர். ஒரே நிலா, ஒரே கிழமை. எல்லையைத் தாண்டினால் பலன் மாறுகிறது என்றால், பலன் நிலாவில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

கரிநாளுக்கு வானத்தோடு தொடர்பே கிடையாது. ஒவ்வொரு தமிழ் மாதத்திலும் இன்ன இன்ன தேதி என்று நிலையாக எழுதி வைத்த பட்டியல் அது. சித்திரை 6, 15. வைகாசி 7, 16, 17. ஆனி 1, 6. ஆடி 2, 10, 20. ஆவணி 2, 9, 28. புரட்டாசி 16, 29. ஐப்பசி 6, 20. கார்த்திகை 1, 10, 17. மார்கழி 6, 9, 11. தை 1, 2, 3, 11, 17. மாசி 15, 16, 17. பங்குனி 6, 15, 19. கூட்டினால் 34 நாள். நிலா எங்கே இருந்தாலும் கிழமை எதுவாக இருந்தாலும் பட்டியல் மாறாது. தை 1, 2, 3 என்ன நாட்கள் என்று சொல்லத் தேவையில்லை: பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். வருடத்தில் நாம் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கும் மூன்று நாட்களும் கரிநாள். புதுப்பானை வைத்துப் புதுஅரிசியில் பொங்குவதைவிட நல்ல தொடக்கம் என்ன இருக்கிறது? அதைக் கரிநாளில்தான் ஊரே செய்கிறது.

சந்திராஷ்டமம் இப்போது மிக அதிகமாகப் பயமுறுத்துவது, ஏனென்றால் அது "உங்களுக்கு" என்று தனியாகச் சொல்லுகிறது. உங்கள் ராசியை ஒன்று என்று எண்ணி எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கும் காலம் அது. மேஷத்துக்கு விருச்சிகம். நட்சத்திரத்தில் எண்ணினால் பதினேழாவது, அசுவினிக்கு அனுஷம். சந்திரன் பன்னிரண்டு ராசியையும் சுற்ற 27.3 நாள் ஆகிறது, எனவே ஒரு ராசியில் இரண்டேகால் நாள். மாதம் தவறாமல் வரும். எந்த நிமிடத்தை எடுத்தாலும் பன்னிரண்டு ராசிகளில் ஒன்றுக்கு இது நடந்துகொண்டிருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, பன்னிரண்டில் ஒரு பங்கு சுமார் 60 லட்சம். இந்தப் பதிலை நீங்கள் படிக்கும் நேரத்திலும் ஏறக்குறைய 60 லட்சம் பேருக்குச் சந்திராஷ்டமம். அவர்களில் பேருந்து ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், அறுவை சிகிச்சை செய்பவர்கள் இருக்கிறார்கள், நெருப்போடு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து வேறு 60 லட்சம் பேர்.

சனியை எடுத்துக்கொண்டால் வலை இன்னும் பெரிது. ராசிக்குப் பன்னிரண்டு, ஒன்று, இரண்டில் சனி இருப்பது ஏழரை. நான்கில் இருந்தால் அர்த்தாஷ்டமச் சனி, ஏழில் கண்டகச் சனி, எட்டில் அஷ்டமச் சனி. ஆக மொத்தம் ஆறு இடங்கள். இருப்பது பன்னிரண்டு. எந்த நாளிலும் சரிபாதி மக்களுக்கு ஏதோ ஒரு சனி நடந்துகொண்டிருக்கும். வேலை போனவர், நோயில் விழுந்தவர், வழக்கில் மாட்டியவர் என்று யார் போய்க் கேட்டாலும் இருவரில் ஒருவருக்குச் சனிதான் காரணம் என்று பதில் வரும்படிதான் விதியே அமைந்திருக்கிறது. அந்தப் பதில் பொருந்துவதைப் பார்த்து வியப்பவர்கள், நன்றாக இருக்கும் மனிதர்களிலும் சரிபாதி பேருக்கு அதே சனி நடப்பதைப் பார்ப்பதில்லை.

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆடி, புரட்டாசி, மார்கழி வேண்டாம் என்றால் ஏறத்தாழ 91 நாள் போய் 274 நாள் மிச்சம். செவ்வாயும் சனியும் வேண்டாம் என்றால் 196. அஷ்டமி, நவமி கழித்தால் 170. கரிநாள் கழித்தால் 154. ஒருவரின் சந்திராஷ்டமத்தைக் கழித்தால் 141. பெண், மாப்பிள்ளை இருவருக்கும் பார்த்தால் 130க்குக் கீழே. வளர்பிறை மட்டும் என்றால் அதிலும் பாதி. நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாம் இன்னும் தொடங்கவே இல்லை. மீதி இருக்கும் சில பத்து நாட்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் போட்டி போடுகிறது. மண்டபம் கிடைக்காதது, சமையல்காரர் இரட்டிப்பாகக் கேட்பது, புரோகிதர் ஒரே காலையில் மூன்று இடம் ஓடுவது எல்லாம் இதனால். பத்திரப் பதிவு அலுவலகங்களில் முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள இடத்தில் 100 டோக்கனுக்குப் பதில் 150, இருவர் உள்ள இடத்தில் 200க்குப் பதில் 300 என்று அரசே கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நெரிசலில் பத்திரத்தின் சர்வே எண்ணையும் எல்லைகளையும் நிதானமாகச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுவது உண்மையான ஆபத்து. ஆடி மாதத்துச் சாதாரண புதன்கிழமையில் பதிவு செய்தவருக்கு அந்த ஆபத்து குறைவு.

சூலம், அதாவது இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் பயணம் ஆகாது என்பது, பற்றி ஒரு வரி: திங்கள், சனி கிழக்கு, செவ்வாய், புதன் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளி, ஞாயிறு மேற்கு. பரிகாரமும் அதே வரிசையில் தயிர், பால், தைலம், வெல்லம். சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் வியாழக்கிழமையும் நிறைந்துதான் போகின்றன.

எண்களுக்கு வருவோம். எட்டின் மேல் உள்ள பயம் பஞ்சாங்கத்திலிருந்து வரவில்லை. எண்கணிதத்தில் எட்டைச் சனிக்குக் கொடுத்திருப்பதால் வந்தது. 8, 17, 26 தேதிகளும், இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வரும் வண்டி எண்களும் ஆகாது என்பார்கள். 0001 முதல் 9999 வரை உள்ள வண்டி எண்களில் கூட்டுத்தொகை எட்டு வருபவை சரியாக 1111, ஒன்பதில் ஒரு வண்டி. விபத்துகளிலும் ஒன்பதில் ஒன்று எட்டாம் எண் வண்டியாகத்தான் இருக்கும், ஒன்பதில் ஒன்று மூன்றாம் எண் வண்டியாகவும் இருக்கும். மூன்றை யாரும் கவனிப்பதில்லை. கூட்டும்போது நான்கு இலக்கத்தை மட்டும் கூட்டுவதா, மாவட்ட எண்ணையும் எழுத்துகளையும் சேர்ப்பதா என்பதிலும் ஆளுக்கு ஒரு முறை. 4571 தனியாக எட்டு. முன்னால் 37 சேர்த்தால் ஒன்பது.

பெயருக்கு எண் பார்ப்பதில் இது இன்னும் மோசம். கணக்கு ஆங்கில எழுத்துகளுக்குத்தான். தமிழில் எழுதிய பெயருக்கு அந்த முறையில் எண்ணே இல்லை. குமார் என்ற பெயரை கே, யு, எம், ஏ, ஆர் என்று எழுதினால் கீரோ என்ற கைரேகைக்காரரின் பெயரால் வழங்கும் முறைப்படி 2, 6, 4, 1, 2 சேர்ந்து 15, அதாவது 6. இன்னொரு ஏ சேர்த்தால் 7. பித்தாகரஸ் பெயரால் வழங்கும் இன்னொரு முறையில் அதே பெயர் 2, 3, 4, 1, 9 சேர்ந்து 19, அதாவது 1. எந்தக் குமார் உண்மையானவர்? எழுத்தைக் கூட்டிய பிறகு வரும் தொல்லை மட்டும் உண்மை. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று என்று ஆகிவிட்டால் பாஸ்போர்ட்டும் வங்கிக் கடனும் மாட்டிக்கொள்ளும். மாற்றியே தீர வேண்டும் என்றால் முதலில் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அதைக் காட்டி எல்லா ஆவணத்தையும் ஒரே எழுத்துக்கு மாற்றுங்கள். கையெழுத்தில் மட்டும் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டால் வங்கியில் கையெழுத்துப் பொருந்தாமல் காசோலை திரும்பிவிடும்.

பதின்மூன்று நமக்கு மேற்கிலிருந்து வந்த பயம். அடுக்குமாடிகளில் 12க்குப் பிறகு 12ஏ, அடுத்து 14 என்று போடுவதோடு நிற்கிறது. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை அபூர்வமானது என்பதும் தவறு. ஆங்கில நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். அந்த 4800 மாதங்களில் 13ஆம் தேதி வெள்ளியில் வருவது 688 முறை, வேறு எந்தக் கிழமையையும்விட அதிகம். வருடத்துக்கு ஒன்றாவது நிச்சயம் வரும்.

"ஆனால் எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்திருக்கிறதே" என்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: ராகு காலத்தில் தொடங்கிக் கெட்டது, ராகு காலத்தில் தொடங்கி நன்றாக முடிந்தது, மற்ற நேரத்தில் தொடங்கிக் கெட்டது, மற்ற நேரத்தில் நன்றாக முடிந்தது. காரியத்தைத் தொடங்கும்போதே நேரத்தைக் குறிக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு "அப்போது மணி என்ன?" என்று யோசித்தால் நினைவு நமக்குப் பிடித்த பக்கம் சாய்ந்துவிடும். கெட்டது என்றால் என்ன என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். பகலில் எட்டில் ஒரு பங்கு ராகு காலம் என்பதால், காரியங்கள் பகல் முழுக்கப் பரவலாகத் தொடங்கினால், கெட்டுப்போனவற்றிலும் எட்டில் ஒன்று ராகு காலத்தில் தொடங்கியதாக இருப்பது இயல்பு. பெரும்பாலானவர்கள் மனதில் வைத்திருப்பது முதல் கட்டத்தை மட்டுமே.

பெரிய அளவில் இந்தச் சோதனை தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள் பலவற்றை வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்தினார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பைக் கொடுத்தது. அந்தத் தம்பதிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம்மோடு இருக்கிறார்கள். பக்தி வழியில் நிற்பவர்களுக்கும் இதே விடை வேறு வாயிலில் கிடைக்கிறது. நாளும் கோளும் சரியில்லை என்று தடுத்தபோது திருஞானசம்பந்தர் பாடியதாகச் சொல்லப்படும் கோளறு பதிகம், ஏழு கிழமைக் கோள்களையும் ராகு, கேதுவைக் குறிக்கும் இரண்டு பாம்புகளையும் வரிசையாகச் சொல்லி, அடியாருக்கு எல்லாம் நல்லவையே என்கிறது.

நேரம் பார்க்கவே கூடாத இடங்கள் சில உண்டு. பக்கவாதத்தில் இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ராகு காலம் கழியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவ வலி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மருத்துவக் காரணம் இல்லாமல் நல்ல நட்சத்திரத்துக்காகச் சிசேரியனை 39 வாரம் நிறையும் முன் வைக்கச் சொல்லாதீர்கள். முன்கூட்டி எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். வழக்குக்கான காலக்கெடு, தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள், காப்பீடு புதுப்பிக்கும் தேதி ஆகியவையும் அஷ்டமி பார்த்துத் தள்ளிப்போகாது.

இன்னொன்று, அடைப்பு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அந்த அறையை, சில வீடுகளில் வீட்டையே, ஆறு மாதம் பூட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது. சனிக்கிழமை இறந்தால் "சனிப் பிணம் தனிப் போகாது" என்று பாடையில் கோழி கட்டுவதும் இதே வகை. இருபத்தேழு நட்சத்திரத்தில் ஐந்து என்றால் ஐந்து மரணங்களில் ஏறக்குறைய ஒன்று. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைப் பார்த்து அடுத்த சாவும் உங்கள் வீட்டில்தான் என்று சொல்வது கொடுமை. ஒரே அறை உள்ள வாடகை வீட்டில் இருப்பவர் எங்கே போவார்? இந்த ஒன்றைக் கைவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க வேண்டும் என்றால், மரபே வழி வைத்திருக்கிறது. கிளம்ப வேண்டிய நேரம் சரியில்லை என்றால் முன்பே நல்ல நேரத்தில் பயணப் பை ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது பரஸ்தானம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கொள்வார்கள். பிறகு உங்கள் ரயில் எந்த நேரத்தில் இருந்தாலும் ஏறலாம். வீடு குடிபோவதற்கு நல்ல நாள் தள்ளி இருந்தால் பால் காய்ச்சுவதை மட்டும் முன்கூட்டி ஒரு நல்ல நாளில் முடித்துவிட்டு, சாமான்களை வேலைநாள், லாரி, பள்ளி விடுமுறை பார்த்துப் பிறகு ஏற்றலாம். வேறு நேரமே அமையாதபோது நண்பகலுக்கு முன்னும் பின்னும் 24 நிமிடமாக வரும் அபிஜித் முகூர்த்தத்தைச் சொல்லிப் பாருங்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்று நண்பகலிலேயே ராகு காலம் தொடங்கிவிடுவதால் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.